எம்.ஆர்.ராதாவும் எங்க பெரியப்பாவும்

எங்க சேரியில் கல்யாணம் என்றால் வேப்பமரத்துக் கிளையில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். சாயங்காலம் வரைக்கும் சினிமாப் பாட்டு. ராத்திரி பந்தி முடிஞ்சு, வெத்தலை பாக்கு கைமாறி, ஜனங்க பாயை விரிக்கிற நேரத்துக்கு ரேடியோ செட்டுக்காரர் இன்னொரு பெட்டியைத் திறப்பார். உள்ளே 'ரத்தக் கண்ணீர்' கதைவசன ரிக்கார்டு. படம் வந்தது 1954இல். நான் சொல்லுகிற கல்யாணங்கள் எழுபதுகளில் நடந்தவை. இருபது வருசம் ஆகியும் அந்தக் குரலுக்கு வயசாகலை. அடித்தொண்டையிலிருந்து ஒரு கர்ஜனை, அடுத்த நொடியே கீச்சென்று ஒரு இழுவை. தூங்கின பிள்ளைகூட எழுந்து உட்காரும். கிழவிகள் வெத்தலை இடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். அடுத்த வசனம் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் சிரிப்பார்கள்.

எல்லாரும் சிரிக்கிற அந்த நேரத்துல ஒரே ஒரு ஆள் மட்டும் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கினு ஏரிக்கரைப் பக்கம் நடந்துடுவார். எங்க பெரியப்பா. எங்க நைனாவுக்கு மூத்தவர். அவருக்குப் பெருவியாதி.

நடிகவேள் எம்.ஆர்.ராதாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த ஏரிக்கரைதான். ஆகையால் இது பாராட்டுரையாக இருக்க முடியாது. தூற்றலும் அல்ல. ராதாவைத் தூற்றுவதற்கென்றே ஒரு கூட்டம் எப்போதும் உண்டு. அவர் புராணத்தை மேடையில் கிழித்ததை இன்னும் மன்னிக்காதவர்கள். அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. என் வழக்கு வேறு. ராதாவைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்களின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்குள் போடுகிற சண்டை இது.

*

ராதா யார் என்று கேட்டால் இன்றைய பிள்ளைகளுக்கு அவர் மிமிக்ரிக்காரர்களின் ஒரு குரல், அவ்வளவுதான். அதனால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1907இல் சென்னையில் பிறந்தவர். சாப்பாட்டில் இன்னொரு துண்டு மீன் வைக்கவில்லை என்று அம்மாவிடம் சண்டை போட்டுச் சின்ன வயதிலேயே வீட்டை விட்டு ஓடி, பாய்ஸ் கம்பெனி நாடகத்தில் சேர்ந்தவர். சோத்துக்காக ஓடுவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். எங்க ஊர்ப் பிள்ளைகள் தோல் கம்பெனிக்குப் போனார்கள், அவர் நாடகக் கம்பெனிக்குப் போனார். படிப்பு கிடையாது. மேடைதான் பள்ளிக்கூடம். 1937இல் 'ராஜசேகரன்' என்ற படத்தில் நடித்தார். பிறகு சில படங்கள். சினிமா அவரை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் மேடைக்கே திரும்பினார்.

அந்தத் திரும்பல்தான் அவரை ராதா ஆக்கியது. பெரியாரின் இயக்கத்தோடு சேர்ந்து நின்று 'இழந்த காதல்', 'லட்சுமிகாந்தன்', 'போர்வாள்', 'தூக்குமேடை', 'ரத்தக் கண்ணீர்' என்று ஊர் ஊராக நாடகம் போட்டார். 'தூக்குமேடை' மு.கருணாநிதி எழுதியது; கருணாநிதிக்குக் 'கலைஞர்' என்ற பட்டம் வந்ததே ராதா கொடுத்துத்தான் என்பார்கள். எழுதி வைத்த வசனத்தை அப்படியே ஒப்பிக்கிற ஆள் இல்லை ராதா. காலையில் பேப்பரில் வந்த சேதி ராத்திரி மேடையில் வசனமாக வந்துவிடும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனுசனுக்கே அடி விழும். மனசு புண்படும் என்று நினைப்பவர்கள் என் நாடகத்துக்கு வராதீர்கள் என்று நோட்டீசிலேயே போட்ட நடிகர் தமிழ்நாட்டில் வேறு யார்?

ராமாயணத்தை அவர் மேடையேற்றியபோது அரசாங்கம் பயந்தது. 1954இல் சென்னை அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்ததற்கு ராதாவின் நாடகங்கள்தான் முக்கியக் காரணம். தடை, கைது, வழக்கு எல்லாம் பார்த்தார். வேசத்தோடு ஜெயிலுக்குப் போகத் தயாராக இருந்தவர். அந்தச் சட்டம் அவர் செத்த பிறகும் உயிரோடு இருந்தது. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்றது. ஒரு நடிகனுக்குப் போட்ட பூட்டைத் திறக்க ஐம்பத்தொன்பது வருசம்!

சினிமா அவரை இரண்டாவது முறை அழைத்தபோது சும்மா விடவில்லை. 1959இல் 'பாகப்பிரிவினை', 1961இல் 'பாவ மன்னிப்பு', 'பாலும் பழமும்', 1962இல் 'பலே பாண்டியா'வில் இரட்டை வேடம். சிவாஜி அழுது நடிக்கிற காட்சியில்கூட ஓரத்தில் நிற்கிற ராதாவைத்தான் கண் பார்க்கும். வில்லனும் அவரே, கோமாளியும் அவரே. கெட்டவனைச் சிரிக்கச் சிரிக்க நடித்துக் கெட்டதன் மானத்தை வாங்கியவர். நட்சத்திரம் என்ற மயக்கமே கிடையாது. ஆசையாக வாங்கிய இம்பாலா காரில் வைக்கோல் ஏற்றினார் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 1967 ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டு, தண்டனை பெற்று, 1971இல் வெளியே வந்தார். வந்து மறுபடியும் நடித்தார். 1979 செப்டம்பர் 17ஆம் தேதி, பெரியாரின் பிறந்த நாள் அன்றைக்கே, திருச்சியில் செத்துப்போனார்.

இவ்வளவும் நான் மறுக்கவில்லை. எங்க நைனா வேலூரில் அவர் நாடகம் பார்த்துவிட்டு ராத்திரியெல்லாம் நடந்தே ஊர் திரும்பியவர். "சாமி இல்லன்னு நம்ம மூஞ்சிக்கி நேரா சொன்ன மொத ஆளு அவருதான்டா" என்று சாகிற வரைக்கும் சொன்னவர். சேரியில் பகுத்தறிவை முதலில் கொண்டுவந்தது புத்தகம் அல்ல, ராதாவின் தொண்டை.

*

இப்போது 'ரத்தக் கண்ணீரு'க்கு வருகிறேன்.

திருவாரூர் கே.தங்கராசு எழுதிய நாடகம். 1949இல் மேடையேறியது. நேஷனல் பிக்சர்ஸ் தயாரிப்பில், கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் 1954இல் படமானது. கதை எல்லாருக்கும் தெரிந்ததே. சீமையில் படித்துவிட்டு வருகிற பணக்காரன் மோகன். பெற்ற தாயை மதிப்பதில்லை, கட்டிய மனைவியைத் தொடுவதில்லை. காந்தா என்ற தாசியின் வீடே கதி என்று கிடக்கிறான். தாயை எட்டி உதைக்கிறான். பிறகு? குஷ்டம் வருகிறது. காந்தா துரத்துகிறாள். சொத்து போய், கண்ணும் போய்த் தெருவில் பிச்சை எடுக்கிறான். கடைசியில் தன் மனைவியை நண்பன் பாலுவுக்குக் கட்டி வைக்கச் சொல்லி, தன்னை இந்தக் கோலத்தில் சிலையாக வைத்தால் மற்றவன் பார்த்துத் திருந்துவான் என்று செத்துப்போகிறான். இதே நாடகத்தைத் தெலுங்கில் நாகபூஷணம் போட்டார். 'ரக்தகண்ணீரு நாகபூஷணம்' என்றே அவருக்குப் பேர் ஆகிவிட்டது. எங்களுக்கு ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். இரண்டு பாசையிலும் எங்களுக்கு இந்தக் கதைதான் வந்தது.

இந்தக் கதை எங்க வீட்டில் என்ன செய்தது என்று சொல்லுகிறேன்.

பெரியப்பா பன்னிரண்டு வயதில் வாணியம்பாடிப் பக்கம் ஒரு டேனரியில் சேர்ந்தவர். அப்போ வடாற்காடு மாவட்டம். பிறகு அம்பேத்கர் பேரை வைத்து, அப்புறம் அந்தப் பேரையும் எடுத்து, 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டத்துக்குப் பேர் மாறிக்கொண்டே இருந்தது. குழியில் இறங்குகிற ஆளு மாறவில்லை. சுண்ணாம்புக் குழியில் ஊறின தோலைக் கையால் தூக்கிப் போடுகிற வேலை. முழங்கை வரைக்கும் வெந்துபோன தோல். எங்க ஆளுங்களில் யார் கையைப் பார்த்தாலும் புண்ணுதான், தழும்புதான். ஆகையால் அவருடைய முன்கையில் ஒரு வெளிர் தேமல் வந்து, அந்த இடம் மரத்துப்போனபோது யாரும் கண்டுக்கவில்லை. சுண்ணாம்பு வேலை, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பீடி விரலைச் சுட்டு, நாத்தம் வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

வியாதி இன்னது என்று தெரிந்ததும் மேஸ்திரி வேலைக்கு வராதே என்றுவிட்டான். அது முதலாளி உலகம், விடுங்கள். சேரி என்ன செய்தது? தட்டைத் தனியாக வைத்தது. டம்ளரைத் தனியாக வைத்தது. ஊர்க்காரன் டீக்கடையில் நமக்குச் செய்ததை நாம் அவருக்குத் திண்ணையில் செய்தோம். சேரிக்குள்ளே ஒரு சேரியை உண்டாக்கி அதில் அவரைக் குடி வைத்தோம். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தால் அதைவிட வெட்கம்.

அதோடும் நிற்கவில்லை. இவருக்கு ஏன் வந்தது என்று ஒரு விசாரணை நடந்தது. யாருக்கும் டாக்டர் தேவைப்படவில்லை. கதைவசன ரிக்கார்டு இருந்ததே! "எங்கியோ போய்ட்டு வந்துக்கீறான்" என்றார்கள். பெரியம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து, மேய்ந்துவிட்டு வந்த புருசனுக்கு நீ ஏன் கஞ்சி காய்ச்சுற, கிளம்பு என்றான். பெரியம்மா சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "அந்த ஆளு டேனரியத் தவிர எங்கியும் போகல. நான் வரல." பெரியம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவர். அந்த இடத்தில் பகுத்தறிவோடு பேசிய ஒரே ஆள் அவர்தான்.

இப்போது என் குற்றத்தைச் சொல்லுகிறேன். எனக்கு அப்போது பத்து, பதினொரு வயது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் என்னை ராதா வேசம் போடச் சொன்னார்கள். கோதுமை மாவைக் குழைத்து மூஞ்சியில் திட்டுத் திட்டாக ஒட்டி, விரலை மடக்கித் துணி சுற்றி, கையில் ஒரு தடி. நான் பெரியப்பாவைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன். எந்த விரல் எப்படி மடங்கும், எந்தக் கால் எப்படி இழுக்கும் என்று எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. காந்தா என்று நான் இழுத்த இழுப்புக்குக் கைத்தட்டல் அடங்கவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு. வேசத்தைக் கலைக்காமல் அப்படியே வீட்டுக்கு ஓடினேன். திண்ணையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். "இன்னாடா வேசம், பண்ணிக் காட்டு" என்றார். பண்ணிக் காட்டினேன். பூராவும் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"நல்லாத்தான் பண்ற. போயி மூஞ்சியக் கழுவிக்கினு வா, சாப்டலாம்" என்றார்.

தொட்டித் தண்ணியில் கழுவினேன். மாவு போய்விட்டது. விரலைச் சுற்றின துணியை அவிழ்த்தேன். விரல் நிமிர்ந்துகொண்டது. அப்போதுதான் எனக்கு என்னவோ போல் ஆனது. திரும்பிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். சாப்பிடவில்லை. எனக்குத் தட்டு உள்ளே வைத்திருந்தார்கள்.

*

அந்தக் காலத்தில் யாருக்கு என்ன தெரியும், நாடகக்காரன் டாக்டரா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். தெரிந்ததைச் சொல்லுகிறேன்.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் கண்டுபிடித்தது 1873இல். அது கிருமியால் வருகிற வியாதி. பாவத்தால் அல்ல, தாசி வீட்டால் அல்ல. உடலுறவால் பரவுகிற வியாதியே இல்லை அது. கிருமி பட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை, உடம்பே தடுத்துக்கொள்ளும். 'ரத்தக் கண்ணீர்' மேடையேறிய அதே நாற்பதுகளின் கடைசியில், செங்கல்பட்டுப் பக்கம் திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் சல்ஃபோன் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். வேலூர் சி.எம்.சி.க்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர், மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி அறுவை செய்து நிமிர்த்திக் காட்டினார். விரல் அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் சுட்டும் வெட்டியும் அடிபட்டும் தேய்ந்துபோகிறது என்று கண்டு சொன்னவர் அவர். ராத்திரி தூங்கும்போது எலி கடிப்பதுகூடத் தெரியாமல் விரலை இழந்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் பூனை கொடுத்து அனுப்பினார்கள். படம் வந்த அடுத்த வருசம், 1955இல், காட்பாடிப் பக்கம் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை வந்தது. பெரியப்பாவைக் கடைசியில் கரை சேர்த்தது அந்த இடம்தான்.

ஆக, வேலூரில் ஒரு பக்கம் விரலை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் கொட்டகையில் விரலை மடக்கிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்க ஜனங்களுக்கு எது முதலில் வந்து சேர்ந்தது? கொட்டகைதான்.

சட்டமும் கொட்டகையின் பக்கம்தான் நின்றது. 1955இல் வந்த இந்து திருமணச் சட்டம் தொழுநோயை மணவிலக்குக்கு ஒரு காரணமாக வைத்தது. 2019இல்தான் அதை எடுத்தார்கள். 1898இல் வெள்ளைக்காரன் போட்ட தொழுநோயாளிகள் சட்டம் 2016 வரைக்கும் உயிரோடு இருந்தது. நாடு தழுவிய அளவில் தொழுநோயை ஒழித்துவிட்டோம் என்று 2005ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து அறிவித்தார்கள். 2022-23இல்கூட நாட்டில் புதிதாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த வியாதி கண்டறியப்பட்டது. ஆறு மாதமோ ஒரு வருசமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் குணமாகிற வியாதி, இலவச மருந்து. அப்படியும் ஒளித்து வைக்கிறார்கள். ஏன்? கிருமிக்குப் பயந்தா? கதைக்குப் பயந்து.

*

இனி நான் சொல்ல வந்த விசயம்.

ராதா சாமியை மறுத்தார், சடங்கை மறுத்தார், தலைவிதியை மறுத்தார். சரி. ஆனால் 'ரத்தக் கண்ணீர்' என்ன சொல்லுகிறது? செய்த பாவத்துக்கு உடம்பு கூலி வாங்கும் என்கிறது. இதற்குப் பேர் என்ன? கர்மவினை. போன ஜென்மத்தில் பாவம் செய்தாய், இந்த ஜென்மத்தில் பறையனாய்ப் பிறந்தாய் என்று அவன் சொன்னான். இந்த ஜென்மத்திலேயே பாவம் செய்தாய், இந்த ஜென்மத்திலேயே தீண்டத்தகாதவன் ஆனாய் என்று இந்த நாடகம் சொன்னது. ஜென்மத்தைக் குறைத்தார்கள். கணக்கை மாற்றவில்லை. சாமியை மேடையிலிருந்து இறக்கிவிட்டு அவன் உட்கார்ந்த நாற்காலியில் வியாதியை உட்கார வைத்தார்கள்.

தண்டனை எது என்று கவனியுங்கள். மோகனுக்கு வருகிற வலி அல்ல தண்டனை. சொத்து போவதுகூட அல்ல. ஒருத்தரும் தொடமாட்டார்கள், எட்டி நில் என்பார்கள், எச்சில் சோறு வீசுவார்கள், இதுதான் தண்டனை. சீமைக்குப் போய்வந்த பணக்காரன் விழக்கூடிய படுபாதாளம் எது என்று நாடகக்காரர்கள் யோசித்துப் பார்த்துக் கண்டுபிடித்த இடம் இது. தோழர்களே, அந்த இடத்தில்தானே நாம் பிறந்தோம்! நம்முடைய பிறந்த வீட்டையே அவர்கள் தண்டனைக் கூடமாகக் காட்டினார்கள். அதைப் பார்த்து நாமும் கைதட்டினோம். பணக்காரன் ஒருத்தன் நம்மைவிடக் கீழே விழுந்தான் என்ற சந்தோசம் நமக்கு. நம்மைவிடக் கீழே என்று ஒரு இடம் இருக்கிறது என்று நம்பினோம் பாருங்கள், அங்கேதான் நாம் தோற்றோம். அந்த இடத்துக்கு உடனே ஆள் தேடினோம். எங்க வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்தார்.

இது ராதா ஒருத்தர் செய்த தப்பு இல்லை. தமிழ்ச் சினிமாவுக்கே அடி உடம்பு என்றால் ஒரு வேசம்தான். 1935இல் 'பக்த நந்தனார்' எடுத்தார்கள், நந்தனாராகக் கே.பி.சுந்தராம்பாள். 1942இல் மறுபடியும் எடுத்தார்கள், தண்டபாணி தேசிகர். பாட்டு அமிர்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் நந்தன் தீயில் இறங்கிச் சேரி உடம்பைக் கழித்துவிட்டு வந்தால்தான் கோயிலுக்குள் போகலாம். மோகன் குஷ்டம் பிடித்து அழிந்தால்தான் நல்லவன் ஆகலாம். இரண்டிலும் உடம்புதான் குற்றவாளி. பக்தர்கள் எடுத்த கதையும் நாத்திகர்கள் எடுத்த கதையும் இந்த ஒரு இடத்தில் கைகுலுக்கிக்கொள்கின்றன.

ராதாவுக்காக ஒரு வாதம் உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. படத்தின் முதல் பாதி ராதா வெறும் திமிர் பிடித்த பணக்காரன். நோயாளி ஆன பிறகுதான் அவர் பேச்சுக்குக் கூர்மை வருகிறது. தெருவில் உட்கார்ந்துகொண்டு அவர் சமூகத்தைக் கிழிக்கிற கிழியில் எதுவும் மிஞ்சுவதில்லை. எல்லாருக்கும் கீழே இருப்பவனுக்குத்தான் எல்லாரும் தெரிகிறார்கள் என்பதை ராதாவைப்போல் நடித்துக் காட்டினவர் இல்லை. சேரி அந்தக் குரலைத் தன் குரலாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குரல் ஒவ்வொரு தடவையும் கடைசியில் எங்கே போய் முடிகிறது? எனக்கு இது வேண்டும், நான் செய்த பாவம் என்றுதானே? எல்லாரையும் கிழித்த ஆள் தன்மேல் போட்ட தீர்ப்பை மட்டும் கிழிக்கவில்லையே!

எண்பதுகளில் நான் காலேஜில் படித்துக்கொண்டு, கூட்டம் கூட்டமாய்ப் போய் ராதாவைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் பெரியப்பாவிடமும் பேசினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிடா. நான் எந்தக் காந்தா வூட்டுக்குப் போனேன்? சுண்ணாம்புக் குழிக்குத்தான்டா போனேன்." என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரைதான் நான் காலம் தாழ்த்திச் சொல்லுகிற பதில்.

*

அப்படியானால் படத்தைத் தடை செய்ய வேண்டுமா? கூடவே கூடாது. 1954ஆம் வருசத்துச் சட்டத்தை எதிர்த்தவர்கள் நாம். தடை கேட்பவன் நாளைக்கு நம்முடைய பறையையும் நிறுத்தச் சொல்லுவான். ராதா ராமாயணத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. எடுத்துத் திருப்பிப் போட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து நடித்தார். ராதாவிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான். 'ரத்தக் கண்ணீ'ரையும் எதிர்ப்பக்கத்திலிருந்து போட வேண்டும். பாவம் செய்யாத ஒருத்தனுக்கு வியாதி வருகிற நாடகம். அவனைச் சுற்றி இருக்கிறவர்கள் செய்கிற பாவத்தைக் காட்டுகிற நாடகம். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைகளின் மூஞ்சியில் மாவு அப்பி நோயாளியாக்கிச் சிரிப்பதை நிறுத்தலாம். அதற்குச் சட்டம் வேண்டாம், வாத்தியாருக்குக் கொஞ்சம் சொரணை போதும். நம்முடைய மேடைகளில் ராதாவுக்குப் படம் வைப்போம், மாலை போடுவோம். பக்கத்திலேயே நின்று இந்தக் கேள்வியையும் கேட்போம். கேள்வி கேட்பதைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே?

அந்த நாடகத்துக்கு என்னிடம் ஒரு காட்சி தயாராக இருக்கிறது. கற்பனை இல்லை, நடந்தது.

கரிகிரியில் பெரியப்பாவுக்கு ஒரு ஜோடி செருப்பு கொடுத்தார்கள். மெத்தென்ற ரப்பர் அடித்தட்டு வைத்து, உணர்ச்சி இல்லாத காலுக்கென்றே பண்ணின செருப்பு. ஒரு அடிகூட வெறுங்காலில் நடக்கக் கூடாது, கல்லு குத்தினாலும் உனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பினார்கள். உலகத்துக்கே தோல் பதனிட்டு, ஆம்பூரிலிருந்து கப்பல் கப்பலாகச் செருப்பும் பூட்சும் அனுப்புகிற ஜனம் நாம். ஆனால் ஊர்த்தெருவில் நடக்கும்போது நம்ம ஆளுங்க செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அது எங்க ஊர் வழக்கம்.

பெரியப்பா செருப்புக் காலோடு ஊர்த்தெருவில் நடந்தார். திண்ணையில் இருந்த பெரிய மனுசர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். பெரியப்பா நின்று, கீச்சுக் குரலும் இல்லாமல் கர்ஜனையும் இல்லாமல், தன் சொந்தக் குரலில் சொன்னாராம்: "கழட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. வேணும்னா நீங்க வந்து கழட்டுங்க."

கழற்ற வேண்டுமென்றால் தொட வேண்டும். பறையனையும் தொட வேண்டும், பெருவியாதிக்காரனையும் தொட வேண்டும். ஒருத்தனும் திண்ணையை விட்டு இறங்கவில்லை. அவர் பாட்டுக்குத் தெருக்கோடி வரைக்கும் நடந்து, திரும்பி, மறுபடியும் அதே தெருவில் நடந்து வீட்டுக்கு வந்தார். அன்னியிலிருந்து தினமும் நடந்தார். எங்க ஊரில் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடந்த முதல் சேரி ஆள் எங்க பெரியப்பா. அவர் பின்னால் நைனா நடந்தார். நைனா பின்னால் நாங்கள் நடந்தோம்.

இந்தக் காட்சியை ராதா நடித்திருக்க வேண்டும். என்னமாய் நடித்திருப்பார்! அந்தத் திண்ணைக்காரர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்திருப்பாரே, அந்தச் சிரிப்புக்குப் பெரியப்பாவும் ஏரிக்கரைக்குப் போகாமல் பாயிலேயே உட்கார்ந்து சிரித்திருப்பார்.